கையுறைக்குள் தேங்கிய மருந்து

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் சமையல் குறிப்பு கேட்பதில்லை, பிள்ளை வளர்ப்பு யோசனை கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். முன்நெற்றி ஏறத் தொடங்கிய யாராவது பக்கத்தில் வந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"ஜெயசீலிக்கா, இந்த மண்டையில தேய்க்கிற மருந்து இருக்குல்ல, முடி வளர... அது உடம்புக்குள்ள போகுமா?"

"போகும்" என்பேன். அவர் முகம் சுண்டிப்போகும். உடனே மீதியையும் சொல்லிவிடுவேன். "கொஞ்சூண்டு போகும். சொன்ன அளவு, சொன்ன எடத்துல, புண்ணு இல்லாத தோல்ல தேய்ச்சா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. எண்ணெய் மாதிரி உள்ளங்கை நெறைய ஊத்தித் தேய்ச்சு, துண்டு வேற கட்டிக்கிட்டுத் தூங்குனா போகத்தான் செய்யும். நெஞ்சு படபடன்னா நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க." பாதிப் பேர் இந்தப் பதிலோடு போய்விடுவார்கள். மீதிப் பாதிப் பேர், "உங்களுக்கு எப்படி இம்புட்டு உறுதியா தெரியும்?" என்று கேட்பார்கள். அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

போன மாதம் கப்பலூரிலிருந்து திவ்யா பேசினாள். நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். "மேடம், புதுசா சேர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அந்தக் கையுறை விசயத்த எழுதித் தாங்க. ஃபைல் இருக்கு. ஆனா ஃபைல்ல நாடியும் அளவும்தான் இருக்கு, மனுசங்க இல்ல" என்றாள். நல்ல பெண். கேட்கத் தெரிந்து கேட்டிருக்கிறாள். அவளுக்காகத்தான் இது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மாவும் டீச்சர். என் அக்காவும் டீச்சர். வேதியியல் படித்து முடித்ததும் நானும் அதே வரிசையில் போய் நிற்பேன் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். அத்தோடு முடிந்தது சண்டை. முப்பத்தொரு வருடம் அந்த பஸ்ஸில் போய் வந்தேன்.

படைக்கு, சேற்றுப்புண்ணுக்கு, சிரங்குக்கு என்று களிம்புகள்தான் முதலில் செய்தோம். பிறகுதான் முடி மருந்து வந்தது. மினாக்சிடில் என்பது அதன் பெயர். அது பிறந்த கதையே வேடிக்கை. ரத்த அழுத்தத்தைக் குறைக்க விழுங்கும் மாத்திரையாகத்தான் அது முதலில் வந்தது. விழுங்கியவர்களுக்குக் கை, கால், கன்னம் எல்லாம் முடி வளர்ந்தது. அதைப் பார்த்த யாரோ ஒரு கெட்டிக்காரர், அதையே திரவமாக்கித் தலையில் தடவினால் என்ன என்று யோசித்திருக்கிறார். உடம்புக்குள்ளிருந்து வேலை செய்த மருந்து அது என்பது எங்கள் எல்லோருக்கும் பாடமாகத் தெரியும். தெரிந்தும், பாட்டிலில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சடித்துப் பார்த்துப் பார்த்து, அது வெளியே நின்றுவிடும் மருந்து என்றே எங்கள் மனதில் பதிந்துபோயிருந்தது. எங்கே தடவ வேண்டும் என்பதைத்தான் அந்த இரண்டு சொல்லும் சொல்கின்றன. உள்ளே போகாது என்று அவை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இனி என் மேலதிகாரி பெனடிக்ட் சாரைப் பற்றி. என்னைவிடப் பத்து வயது இளையவர். தரப் பிரிவுக்குத் தலைவராக வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததால், வந்த அன்றிலிருந்தே அவரைக் கண்டால் எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா. நாம் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் 'சுமார்', 'பொதுவாக', 'வழக்கம்போல' என்று எங்கே இருந்தாலும் அந்தப் பேனா தேடிப் போய் அடிக்கும். ஒரு முறை, 'நிரப்பும் அறை சுத்தமாக இருந்தது' என்று எழுதியதற்காக நான்கு தடவை திருப்பி எழுத வைத்தார்.

"சுத்தம்னா என்ன மேடம்? தரையப் பாத்தீங்களா, குழாயப் பாத்தீங்களா? எத்தன மணிக்குப் பாத்தீங்க? பாத்தத எழுதுங்க. நெனச்சத வீட்ல சொல்லுங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம் நான் நினைத்ததை எல்லாம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பாட்டிலில் மருந்தை நிரப்பி, மூடி போட்டு முறுக்கியதும் அது பரிசோதனை மேசைக்கு வரும். அங்கே ஒரு விளக்குப் பெட்டி இருக்கும். ஒரு பக்கம் வெள்ளைப் பலகை, மறுபக்கம் கறுப்பு. ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். வெள்ளைப் பலகைக்கு முன் பிடித்தால் கறுப்புத் தூசி தெரியும். கறுப்புக்கு முன் பிடித்தால் நூல், நார் தெரியும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, மூடியில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வைப்பார்கள். தூக்கு, திருப்பு, கவிழ், வை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று நான் எண்ணியதில்லை. சரியாக முறுக்காத மூடியாக இருந்தால், கவிழ்க்கும்போது மருந்து விரலில் வழியும். அதற்காகத்தான் எல்லாருக்கும் ரப்பர் கையுறை.

அந்த ஆறு பேரில் கண் கூர்மை பாண்டியம்மாளுக்குத்தான். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் மாட்டுத் தரகு பார்ப்பவர், ஊர் ஊராகச் சுற்றுவார். ஏழு வயதில் ஒரே மகள். மற்றவர்கள் தாண்டிப்போகும் ஒரு மயிரிழை நாரை இவள் பிடித்துவிடுவாள். விதி என்றால் விதி. மற்ற ஐந்து பேரும் கை புழுங்குகிறது என்று மணிக்கு ஒரு தடவை கையுறையைக் கழற்றி உதறி, கையைக் கழுவிவிட்டு வருவார்கள். சிலர் வெறுங்கையாலேயே நாலு பாட்டில் பார்த்துவிடுவார்கள், நான் வந்தால் அவசரமாக மாட்டுவார்கள். பாண்டியம்மாள் காலையில் மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவாள். "பாண்டியம்மாளப் பாத்துக் கத்துக்கங்க" என்று நான் மற்றவர்களைத் திட்டுவேன். இதை நினைத்து எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வளையல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மருந்து நிரப்பும் இடத்தில் நகை, வளையல் எதுவும் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. விதி வந்த முதல் வாரமே பிரச்சினை வந்தது. கண்ணாடி வளையலைக் கழற்றினால் கை மூளியாகிவிடும், புருஷனுக்கு ஆகாது என்று கல்யாணமான பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் மறுத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் கருப்பாயி அக்கா. "நீங்க கிறிஸ்தவங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கு அப்படியா? கழட்டச் சொன்னா வீட்டுக்குப் போயிருவோம்" என்றாள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக வளர்ந்த எனக்கு, நம்முடைய வழக்கத்தை அவர்கள்மேல் திணிக்கிறோமோ என்று ஒரு தயக்கம். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். "சரி, கழட்ட வேணாம். கையுறைய வளையலுக்கு மேல இழுத்து மூடிக்கங்க. வளையல் வெளிய தெரியக் கூடாது" என்றேன். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பெனடிக்ட் சார் வருவதற்கு முன்பே நடந்த ஏற்பாடு என்பதால் அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

முடி மருந்து தொடங்கி சில மாதம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பாண்டியம்மாளின் முன்கையைப் பிடித்துக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கருகருவென்று முடி.

"ஏண்டி, ஒம் புருசன் கையக் கடன் வாங்கிட்டு வந்துட்டியா?"

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். முடி மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒருத்தியின் கையில் முடி வளர்கிறது. இதைப் பார்த்து, மூன்று பரிசோதனைக் கருவிகளை இயக்கத் தெரிந்த நான் சிரித்துவிட்டு மோர்சாதம் சாப்பிட்டேன்.

அடுத்து அவளுக்குக் கால் வீங்கியது. செருப்பு வார் போட முடியவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு நாள் பரிசோதனை மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். தொழிலாளர் மருந்தகத்தில் இருந்த டாக்டரம்மா நாடி பார்த்தார், ரத்தம் பார்த்தார், தைராய்டு பார்த்தார். நாடி மட்டும் உட்கார்ந்திருக்கும்போதே நூறைத் தாண்டி ஓடியது. மற்றதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தார். விடுப்பில் வீக்கம் வடிந்து நன்றாகத் திரும்பி வந்தாள். வேலைக்கு வந்த மூன்றாவது வாரம் மறுபடி கால் வீங்கியது. "இதயத்தையும் ஒரு தடவை படம் எடுத்துப் பாத்துருவோம்" என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

இதயம் என்ற சொல்லைக் கேட்டதும் பாண்டியம்மாளுக்கு உயிர் பாதி போய்விட்டது. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் மடித்த ஒரு காகிதம்.

"யக்கா, எங்கம்மா நெஞ்சு வலில செத்தப்ப எனக்கு எட்டு வயசு. சித்தி கையில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எம் புள்ள அப்படிப் படக் கூடாது. அவரு ஊர் ஊரா அலையுற ஆளு, அவரால வளக்க முடியாது. உங்க ஆளுக பள்ளிக்கூடத்துல விடுதி இருக்குல்ல, நான் இருக்கும்போதே அவளக் கொண்டுபோய் விட்டுர்றேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா எடம் குடுப்பாக."

"ஏய், என்ன பேச்சுப் பேசுற?" என்று அதட்டினேன்.

"அவளுக்குப் பழகிரும்ல. நான் போன பெறகு போறதவிட, இருக்கும்போதே போனா அழுக கொஞ்சம் கொறையும்ல" என்றாள்.

அந்தக் காகிதம் விடுதி விண்ணப்பம். பரிந்துரைப்பவர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அதே வாரத்தில்தான் முதலாளி அறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். நோயாளி ஒருத்தி வேலை செய்யும் இடத்திலேயே விழுந்துவிட்டால் தொழிற்சாலையை மூடிவிடுவார்களோ என்று பயம். 'எங்கள் தயாரிப்பு தோலுக்கு வெளியே பூசப்படும் மருந்து. அது உடம்புக்குள் செல்வதில்லை. எனவே இந்தத் தொழிலாளியின் நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. உடல்நிலை காரணமாக அவரை விடுவிக்கிறோம்.' இப்படி இருந்தது கடிதம். கீழே தரப் பிரிவின் கையெழுத்து வேண்டும். பெனடிக்ட் சார் அதை என் மேசையில் வைத்தார்.

"பரிசோதன பண்றவங்க நீங்கதான். நீங்க கையெழுத்துப் போடுங்க, அடுத்து நான் போடுறேன்."

பேனாவை எடுத்தேன். 'அது உடம்புக்குள் செல்வதில்லை' என்ற வரி வரைக்கும் வந்தேன். அந்த வரியில்தான் எனக்கு அந்த முன்கை ஞாபகம் வந்தது. கருகருவென்று முடி.

"சார், இதுல நான் போட மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"இது உள்ள போகுதுன்னு எனக்குத் தோணுது."

அவர் தன் வழக்கமான முகத்தோடு என்னைப் பார்த்தார். "தோணுறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஆறு பேர் ஒரே வேல பாக்குறாங்க. கையுறை போடாம ஏமாத்துற அஞ்சு பேருக்கு ஒண்ணுமில்ல. ஒழுங்கா போடுற ஒருத்திக்கு மட்டும் எப்படி உள்ள போகும்? எனக்குக் காட்டுங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் இந்தக் கடிதம் எங்கிட்ட இருக்கும்." கடிதத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. பேருந்தில் வீடு வரைக்கும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் ஆறு பேரின் கையுறைகளையும் தனித்தனிப் பைகளில் வாங்கினேன். முதலில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஓட்டை இல்லை. பிறகு உள்பக்கத்தை ஆல்கஹாலால் அலசி, அந்த அலசலைக் கருவியில் ஏற்றினேன். ஐந்து பேருடையதில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. பாண்டியம்மாளுடையதில் கருவியின் கோடு காகிதத்தின் மேல் விளிம்பைத் தொட்டது. தவறாக இருக்கும் என்று மறுநாளும் செய்தேன். மறுநாளும் தொட்டது.

காகிதத்தைக் கொண்டுபோய்ப் பெனடிக்ட் சார் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் கோட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஓட்டை இல்ல. ஆனா உள்ள மருந்து இருக்கு. எப்படிப் போச்சு?"

"தெரியல சார்."

"தெரியலன்னு சொல்றீங்க பாருங்க, அது நல்லது. இப்பத் தெரிஞ்சுக்கங்க." அவர் வாயிலிருந்து 'நல்லது' என்று நான் கேட்டது அன்றுதான்.

எப்படிப் போனது என்று அறிய ஒரே வழி, அவள் இடத்தில் அவளாக உட்காருவதுதான். பாண்டியம்மாளை அன்று வேறு வேலைக்கு அனுப்பினேன். திருமங்கலம் கடைவீதிக்குப் போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். நான் வாழ்நாளில் கண்ணாடி வளையல் போட்டவள் இல்லை. நாற்பத்தைந்து வயதுக் கையில் வளையல்காரர் சோப்பு நுரையைத் தடவி, எலும்பை முறிக்கிற மாதிரி அமுக்கி ஏற்றினார். "முதத் தடவையாம்மா? கை கல்லு மாதிரி இருக்கு" என்று வேறு சொன்னார். கிறிஸ்தவ டீச்சர் வீட்டுப் பெண் கை நிறையப் பச்சை வளையல் குலுங்க வந்ததைப் பார்த்துக் காவலாளி வாயைப் பிளந்தான்.

பாட்டில்களில் மருந்துக்குப் பதிலாக ஊதாச் சாயம் கரைத்த தண்ணீரை நிரப்பி, பத்துக்கு ஒரு மூடியை வேண்டுமென்றே தளர்வாக விட்டேன். கையுறையை வளையலுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு விளக்குப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தேன். பெனடிக்ட் சார் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கடிகாரமும் குறிப்பேடுமாக எதிரே உட்கார்ந்தார். தூக்கு, திருப்பு, கவிழ், வை. கையைத் தூக்கும்போது விரலில் கசிந்த தண்ணீர் கையுறையின் வெளிப்பக்கமாக வழிந்து முன்கைக்கு வந்தது. கையை இறக்கும்போது அதே தண்ணீர் திரும்பிக் கீழே வந்தது. அங்கே, வளையல்கள் முட்டுக்கொடுத்து நின்றதால், கையுறையின் வாய் தோலோடு ஒட்டாமல் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. தண்ணீர் நேராக உள்ளே போனது. போனது வெளியே வர வழியில்லை.

மதியம் கையுறையைக் கழற்றினேன். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஊதா நிறம். உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி இருந்தது. மற்றப் பெண்களுக்கும் உள்ளே போயிருக்கும். ஆனால் அவர்கள் மணிக்கு ஒரு தடவை கழற்றி உதறிக் கழுவினார்கள். என் பேச்சைக் கேட்டு ஒழுங்காக இருந்தவள் பாண்டியம்மாள் ஒருத்திதான்.

நான் அந்த ஊதாக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெனடிக்ட் சார் எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்.

"வளையல் மேல கையுறை போடச் சொன்னது யாரு மேடம்?"

பழைய ஏற்பாடு என்று சொல்லியிருக்கலாம். பெண்கள் கழற்ற மறுத்தார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய் இல்லை.

"நான்தான் சார்" என்றேன்.

"அப்ப அதையும் எழுதுங்க" என்றார்.

அறிக்கையை அன்று சாயங்காலமே எழுதினேன். நான்கு பக்கம். எத்தனை மணிக்கு என்ன பார்த்தேன் என்று மட்டும். கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: 'வளையல் கூடாது என்ற விதியை மாற்றி, வளையலுக்கு மேல் கையுறை அணியும்படி அறிவுறுத்தியது நான். இந்தத் திறப்பு அந்த அறிவுறுத்தலால் ஏற்பட்டது.' கீழே கையெழுத்துப் போட்டேன். இருபது வருட வேலை அதோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். பெனடிக்ட் சார் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். ஒரு கோடு கூடப் போடவில்லை. எனக்குக் கிடைத்த பட்டமளிப்பு அது.

முதலாளி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கையுறைக்குள்ள இருக்கு, சரி. உடம்புக்குள்ள போச்சுன்னு என்ன நிச்சயம்?" என்றார். நியாயமான சந்தேகம்தான். ரத்தத்தில் அதைத் தேடிப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு நானும் பாண்டியம்மாளும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் படித்துவிட்டு அவளுடைய மணிக்கட்டை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். உடைந்த வளையல் கீறிய சின்னச் சின்னக் காயங்கள். மருந்தில் ஊறி வெடித்த தோல்.

"இது தலையில நாலு சொட்டு தேய்க்கிற கதையே இல்லம்மா. கீறுன தோலு, மேல ரப்பர் மூடி, உள்ள நாள் முழுக்க ஈரம். மருந்து போகாம என்ன செய்யும்? ரத்தக் கொதிப்பு மாத்திரைய வேணும்னே முழுங்குன மாதிரிதான்" என்றார். இதயப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. "இனி மருந்துப் பக்கமே விடாதீங்க. தெனமும் நாடியப் பாத்து எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

முதலாளி அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அட்டைப் பெட்டி மடிக்கும் பிரிவுக்கு அவளை மாற்றினோம். காலையும் மாலையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நாடியை நானே எண்ணினேன். முதல் வாரத்திலேயே கால் வீக்கம் வடிந்தது. நாடி படிப்படியாக இறங்கி, மூன்றாவது வாரம் என்னுடையதும் அவளுடையதும் ஒன்றாக ஓடின. டாக்டரம்மா, மருந்தினால் வந்தது, நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையில் முடி உதிரத்தான் மாதக்கணக்கில் ஆனது.

அந்தத் தாளோடு பெட்டிப் பிரிவுக்கு நேரே போனேன். மருந்து உள்ளே போன விதத்தை அவளுக்குச் சொன்னேன். "வளையலுக்கு மேல போடச் சொன்னது நான்தான் பாண்டியம்மா. என்னாலதான் ஒனக்கு இம்புட்டும்" என்று அதையும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

"அப்ப நெஞ்சு?"

"நெஞ்சு நல்லா இருக்கு."

"எங்கம்மாவுக்கு வந்தது இல்லையா?"

"இல்ல. டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க."

"அப்ப புள்ளைய விடுதில விட வேணாம்லக்கா?"

"வேணாம்" என்றேன்.

கையில் இருந்த அட்டையை மடித்து முடித்தாள். அடுத்த அட்டையை எடுத்தாள். அதை மடிக்க முடியாமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பெட்டிப் பிரிவே வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

அதுவரை மற்றவர்களை மணிக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவ வைத்திருந்தேன், மறுவாரம் முழங்கை வரை நீளும் கையுறைகள் வந்தன. வளையல் கூடாது என்ற விதியும் மீண்டும் வந்தது. கருப்பாயி அக்கா மறுபடியும், "மூளிக் கையோட உக்கார மாட்டோம்" என்று தொடங்கினாள். பாண்டியம்மாள்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து, சோப்பு நுரை போட்டுத் தன் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "வளையலு போட்டுருந்தப்பதாங்க்கா நான் பாடைக்குப் பக்கத்துல போயிட்டு வந்தேன். சாயங்காலம் போட்டுக்கிருவோம், வாங்க" என்றாள். அன்றிலிருந்து வாசலில் வளையல் போட்டு வைக்கப் பெயர் எழுதிய டப்பாக்கள் இருக்கின்றன.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை, மாலை, பேச்சு எல்லாம் நடந்தது. முதலாளி நான் ஒரு தவறும் செய்யாத ஊழியர் என்று பேசினார். பெனடிக்ட் சார் முப்பத்தொரு வருடம், எத்தனை அறிக்கை, எத்தனை நாள் விடுப்பு என்று கணக்காகப் படித்துவிட்டு உட்கார்ந்தார். கடைசியாகப் பாண்டியம்மாளைப் பேசச் சொன்னார்கள். அவள் இப்போது பரிசோதனை மேசைக்கு மேற்பார்வையாளர், பாட்டிலைத் தொடுவதில்லை. ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"மொதலாளி சொன்னது சரியில்ல. இந்த அக்கா தப்பு பண்ணுனாங்க. அதுல நான் சாகப் பாத்தேன். யாரும் கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடி அவங்களே கண்டுபுடிச்சு, நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதனால எம் புள்ள என் வீட்லயே வளந்துச்சு."

முதலாளிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெனடிக்ட் சார்தான் முதலில் கை தட்டினார்.